வில்லங்கச் சான்றில் ஏரி வராது

அன்புள்ள ஐயா,

2023 மிக்ஜாம் புயலுக்குப் பின் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் கொடுத்தார்கள். ஏரிக்குள்ளும் ஆற்றங்கரையிலும் தெரிந்தே குடியேறியவர்களுக்கு ஒவ்வொரு வெள்ளத்துக்கும் நம் வரிப்பணத்தை ஏன் கொடுக்க வேண்டும்? அவர்களே அனுபவிக்கட்டும் என்பது தவறா?

எஸ்., மேற்கு மாம்பலம்

அன்புள்ள எஸ்.,

வேளச்சேரியில் வீடு வாங்க வேண்டாம் என்று அக்காவிடம் சண்டை போட்டதைப் பற்றி நீங்கள் எழுதிய வரிகளை இங்கே நீக்கியிருக்கிறேன். அக்கா மேல் உள்ள பாசம்தான் கோபமாக வந்திருக்கிறது. அவரிடம் பேசுங்கள்.

வரிப்பணப் பேச்சை விடுங்கள். தீப்பெட்டி வாங்குகிறவரும் வரி கட்டுகிறார்.

‘தெரிந்தே’ என்கிறீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வீடு வாங்குகிறவர் எதைப் பார்க்கிறார்? மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று. யார் யாருக்கு விற்றார், எங்கே அடமானம் என்பதெல்லாம் வில்லங்கச் சான்றில் வரும். ஏரி வராது. வரத்துக் கால்வாய் வராது. ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்து வெளியேறும் கலங்கல் எந்தப் பக்கம் என்பதும் வராது. மனையைக் கோடையில் காட்டுவார்கள். வக்கீல் பார்த்துச் சரி என்பார், வங்கி கடன் கொடுக்கும், மின் இணைப்பு வரும், சொத்து வரி ரசீதும் வரும். முகப்பேரிலும் அம்பத்தூரிலும் வீட்டுவசதி வாரியமே ‘ஏரித் திட்டம்’ என்று பெயர் வைத்து விற்றது! உங்கள் பேட்டை மட்டும் என்ன? மாம்பலம் ஏரியைத் தூர்த்துத்தான் 1920-களில் தியாகராய நகரை எழுப்பினார்கள். மழைக்கு உங்கள் தெருவில் தண்ணீர் நின்றால் உங்கள் தாத்தாவையா திட்டுவீர்கள்?

2015 டிசம்பரில் தண்ணீர் வடிந்த பிறகு முடிச்சூரில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போனேன். மின்சாரம் வந்ததும் அவர் மனைவி செய்த முதல் வேலை, வீட்டுப் பத்திரத்தைத் தாள் தாளாகப் பிரித்து, மேலே செய்தித்தாளை விரித்து இஸ்திரி போட்டது. சார்பதிவாளர் முத்திரையின் ஊதா மை செய்தித்தாளில் இறங்கியிருந்தது. “கையெழுத்து தெரிகிறதா பாருங்கள்” என்று ஒவ்வொரு தாளையும் என்னிடம் நீட்டினார். ஆறு வந்து போன வீட்டுக்கு அந்தத் தாள்தான் அவரிடம் இருந்த ஒரே ஆதாரம். அவரிடம் போய் ‘அனுபவியுங்கள்’ என்று சொல்வீர்களா?

அடையாற்றங்கரைக் குடிசைக்காரர்கள் கதை இன்னும் மோசம். வெள்ளத்தைக் காரணம் காட்டி அவர்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அது பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரம், அங்கும் மழைக்குத் தண்ணீர் சூழ்கிறது. அந்தச் சதுப்பே ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. அதிலும் ஊர்க் குப்பையைக் கொட்டியது மாநகராட்சி. 2015 வெள்ளம் மனிதர்கள் உண்டாக்கிய பேரழிவு என்று 2018-இல் சட்டமன்றத்தில் வைத்த தணிக்கை அறிக்கையே சொன்னது. அந்த மனிதர்கள் குடிசைக்காரர்களா?

தெரிந்தே ஏரியை வளைத்தவர்களும் உண்டு, மறுக்கவில்லை. அவர்கள் மனை போட்டு விற்றுவிட்டு மேட்டில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நிவாரண வரிசையில் அவர்களைப் பார்க்க முடியாது.

6,000 ரூபாய் விஷயத்தை மறந்தே போனேன். கொடுக்கத்தான் வேண்டும். நனைந்த பிரிட்ஜ், மெத்தை, தண்ணீர் மோட்டார் மூன்றையும் மாற்ற என்ன ஆகும் என்று அக்காவிடமே கேளுங்கள்.