நெருக்கடி நேரத்தில் வார்டுத் தலைமையும் தாதியர் மனநலமும்: ஓய்வுபெற்ற சிஸ்டரின் பதில்கள்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், ரந்தாவில் எஸ்டேட் லயத்தில் வளர்ந்தவள் நான். அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவி என்னைத் தாதிப் பயிற்சிக்கு அனுப்பினார். 1999இல் நிப்பா வைரஸ் பரவியபோது ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன், கோவிட் வந்தபோது வார்டு சிஸ்டர், அதாவது ஒரு வார்டின் தாதியருக்குத் தலைமை. நம் வட்டாரத் தாதியரும் அவர்கள் வீட்டாரும் கேட்டவற்றுக்கு, பட்டதையும் படித்ததையும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி (இளம் தாதி, சிரம்பான்): நெருக்கடியில கண்டிப்பான சிஸ்டர்தான் வேணும்னு மூத்தவங்க சொல்றாங்க. எங்க சிஸ்டர் கத்துனா எனக்குக் கை நடுங்குது அக்கா. எது சரி?

பதில்: கண்டிப்பு வேறு, கத்தல் வேறு தங்கச்சி. பாதுகாப்பு உடையைக் கழற்றும் வரிசையில் பேச்சுக்கே இடமில்லை. அதில் தவறினால் தொற்றும். அங்கே "நான் சொல்றபடி செய்" என்பதுதான் சரி. அதே குரலில் ரோஸ்டர் (வேலை நேர அட்டவணை) போட்டு, அதே குரலில் அழுபவளையும் விரட்டினால் வார்டு உள்ளுக்குள் உடைந்துவிடும்.

நிப்பா காலத்தைச் சொல்கிறேன். புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா எல்லாம் நமக்குப் பக்கம்தான். பன்றிப் பண்ணையில் வேலை செய்தவர்கள் காய்ச்சலோடு வந்து மயங்கினார்கள். முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். 1999 மார்ச்சில்தான் அது புது வைரஸ் என்று தெரிந்தது. மலேசியாவில் 265 பேரைப் பிடித்து 105 பேரைக் கொண்டுபோனது. அந்த வாரங்களில் எங்களுக்கு மேலே இருந்த ஒருவர் "பயப்படாம வேலையப் பாரு" என்பதோடு நிறுத்திக்கொண்டார். இன்னொரு சிஸ்டர் ஷிப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைக்கும் ஒவ்வொரு பாஸ் ஓவரிலும் வந்து நின்று, "இதுவரைக்கும் தெரிஞ்சது இவ்வளவுதான், இது தெரியல. புதுசா ஏதாவது வந்தா மொதல்ல உங்களுக்குத்தான் சொல்வேன்" என்பார். நோய் அதேதான், பயமும் அதேதான். ஆனாலும் அவருடைய ஷிப்டில் நாங்கள் ஒருவரையொருவர் கடித்துக்கொள்ளவில்லை.

தலைமையைப் பற்றி பெர்னார்ட் பாஸ் என்ற ஆய்வாளர் 1985இல் எழுதியதைப் பின்னாளில் படித்தேன். ஆட்களை உயர்த்தும் தலைமைக்கு அவர் சொல்லும் கூறுகளில் ஒன்று, ஒவ்வொருவரையும் தனித்தனியாகத் தெரிந்து கவனிப்பது. எவளுக்குக் கைக்குழந்தை, எவள் வீட்டில் டயாலிசிஸ் செய்யும் அப்பா இருக்கிறார் என்று அந்தச் சிஸ்டருக்குத் தெரிந்திருந்தது.

கேள்வி (தாதி, கோவிட் வார்டில் இருந்தவர்): எஸ்டேட் பாட்டி ஒருத்தங்க சாகற நேரம். மகன் கீழ கார் பார்க்ல நின்னாரு. மேல விட எனக்கு அனுமதி இல்ல. அந்த முகம் இன்னும் தூங்க விட மாட்டேங்குது. நான் பலவீனமானவளா?

பதில்: இல்லை அம்மா. இந்தக் கேள்வியை நான் மூன்று நாள் மனதில் வைத்திருந்தேன்.

என்ன செய்வது சரி என்று உனக்குத் தெரிந்திருந்தது. செய்ய முடியாதபடி விதி கையைக் கட்டிப்போட்டது. இந்த வேதனையைப் பற்றி ஆண்ட்ரூ ஜேம்டன் என்பவர் 1984லேயே தாதியரை மனதில் வைத்து எழுதியிருக்கிறார். இது அறம் சார்ந்த வேதனை. களைப்பு என்றால் லீவு எடுத்தால் கொஞ்சமாவது தீரும், இது அப்படித் தீராது. நம் சனத்துக்கு இன்னும் கனம். குளிப்பாட்டி, வாய்க்கரிசி போட்டு அனுப்பிவைக்கிறவர்கள் நாம். பையில் வைத்துக் கட்டி அனுப்பினோம்.

இங்கே தலைமைக்குப் பெரிய கடமை உண்டு. அந்த முடிவின் பாரத்தை உன் ஒருத்தி தலையில் விட்டிருக்கக் கூடாது. "விதி என்னுடையது, மகனிடம் நானே சொல்கிறேன்" என்று சிஸ்டரோ டாக்டரோ கீழே இறங்கிப் போயிருக்க வேண்டும். எங்கள் வார்டில் ஒரு கைப்பேசியைப் பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்திருந்தோம். பாட்டிகளின் காதருகே வைத்தால் பிள்ளைகள் தேவாரம் பாடுவார்கள், சிலர் அழ மட்டும் செய்வார்கள். அது போதாதுதான். ஆனால் கைப்பேசியைப் பிடித்திருந்த தாதி அன்று கொஞ்சமாவது தூங்கினாள். உனக்கு இத்தனை நாளாகத் தூக்கம் இல்லையென்றால் கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார கிளினிக்) போய்ச் சொல், மனநிலையை அறியக் கேள்வித்தாள் கொடுத்துப் பார்ப்பார்கள். வெட்கப்படாதே.

கேள்வி (ஆண் தாதி, போர்ட்டிக்சன்): மருந்து அளவுல தப்பு நடந்தா எங்க ஆளுங்க மறைச்சிடறாங்க. நல்ல தலைமை இருந்தா தப்பு குறையுமா அக்கா?

பதில்: முதலில் கூடுவது போலத் தெரியும் தம்பி. ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, ஒற்றுமையான குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகமாகத் தவறு செய்தார்கள் என்பதல்ல, பயமில்லாமல் வெளியே சொன்னார்கள் என்று கண்டார். மூன்றாவது இரவு ஷிப்டில் கண் மங்கியவனைத் திட்டினால் அடுத்த தவறு உன் காதுக்கு வராது, நோயாளியின் உடம்பில்தான் தெரியும்.

கேள்வி (ஒரு தாய், லிங்கி): மக வேலை முடிஞ்சு வந்தா அறைக்குள்ள போய்க் கதவ சாத்திக்கிறா. நான் என்னம்மா செய்யட்டும்?

பதில்: சோற்றைப் போட்டு வைத்துப் பக்கத்தில் உட்காருங்கள் அக்கா, கேள்வி கேட்காதீர்கள். "செத்துடலாம் போல இருக்கு" என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் மட்டும் நேராகக் கேளுங்கள், தனியாக விடாதீர்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசி ஹீல் லைன் 15555. மனம் விட்டுப் பேச உதவும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு 03-76272929. உயிருக்கு ஆபத்து என்றால் 999.

கேள்வி (நிர்வாகத்தில் இருப்பவர்): கடுமையான சம்பவத்துக்குப் பிறகு எல்லாத் தாதியரையும் ஒருமுறை உட்காரவைத்துப் பேசவைக்கலாமா? கட்டாயமாக?

பதில்: கட்டாயம் வேண்டாம். ஒரே ஒரு முறை நடந்ததையெல்லாம் கொட்டவைப்பது பின்னால் வரும் மன அதிர்ச்சி நோயைத் தடுப்பதில்லை என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு காட்டியது, சிலருக்குக் கெடுதலாகவும் முடியலாம். தண்ணீர், ஓய்வு, வீட்டுக்குப் போக வண்டி, மறுநாள் ஒரு போன். ஒரு மாதம் கழித்தும் திணறுபவரைச் சரியான சிகிச்சைக்கு அனுப்புங்கள்.

கேள்வி (புதிதாகச் சிஸ்டர் ஆனவர், பஹாவ்): ஆள் கேட்டா மேல தர மாட்டேங்கறாங்க. என் கையில என்னக்கா இருக்கு?

பதில்: நிறைய இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வேலைச் சோர்வை நோய் என்று வகைப்படுத்தவில்லை, சரியாகக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவு என்றுதான் சொன்னது. பணியிடத்தில் கொஞ்சமாவது உன் கையில் இருக்கிறதே. ரோஸ்டரை முன்கூட்டியே போட்டு, போட்டதை மாற்றாதே. புதியவளைத் தனியாக விடாமல் மூத்தவளோடு ஜோடி சேர். யாராவது சாப்பிடாமல் நின்றால் அவள் படுக்கைகளை நீ பார்த்துக்கொள். தனிமைப்படுத்தப்பட்டவளுக்குத் தினம் ஒரு போன் போடு, வேலை விஷயம் பேசாதே. "வீராங்கனைகளே" என்று கைதட்டுவதை மட்டும் நம்பாதே.

அப்புறம், ஆள் குறைந்த ஒவ்வொரு ஷிப்டையும் தேதி, நோயாளி எண்ணிக்கை, தாதி எண்ணிக்கை போட்டு எழுதி, சிஸ்டர்களுக்கு மேலே இருக்கும் மேட்ரனுக்கு அனுப்பு. நகலை வைத்துக்கொள். 2021இல் நான் அனுப்பிய ஒன்பதாவது கடிதத்துக்குத்தான் இரண்டு பேர் வந்தார்கள்.