மரியாதையும் நீள வாக்கியமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இத்தாலியில் மேற்படிப்புக்கு முயன்று வருகிறேன். அங்குள்ள பேராசிரியை ஒருவருக்கு இத்தாலிய மொழியில் ஒரு கடிதம் எழுதி, எனக்கு மொழி கற்பிக்கும் ஆசிரியையிடம் காட்டினேன். "இலக்கணப் பிழை இல்லை. ஆனால் பள்ளிப்பிள்ளை எழுதியது போல இருக்கிறது" என்றார். என் வாக்கியங்கள் எல்லாமே சின்னவை. மரியாதையாக எழுத வேண்டுமென்றால் இத்தாலியர்களுக்கு நீள நீளமாகத்தான் எழுத வேண்டுமா?

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள வாசகிக்கு,

வேண்டாம். இத்தாலியத்தில் மரியாதை வாக்கியத்தின் நீளத்தில் இல்லை. வினைமுற்றின் விகுதியில் இருக்கிறது.

நெருக்கமானவர்களுக்கு 'தூ', மற்றவர்களுக்கு 'லேய்' என்பது உங்களுக்குத் தெரிந்ததே. 'லேய்' என்றால் 'அவள்'. 'தங்கள் மேன்மை' என்பது போன்ற பழைய விளிகள் பெண்பாற் சொற்களாக இருந்ததால், மீசை வைத்த நீதிபதியும் இன்றுவரை கடிதத்தில் 'அவள்' ஆகிறார். தமிழருக்கு இது அவ்வளவு விசித்திரமல்ல. நம் 'தாங்கள்' என்பதும் படர்க்கையிலிருந்து முன்னிலைக்கு வந்ததுதான். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. நம்மைப் போலவே அவர்களும் எழுவாயை விட்டுவிடுவார்கள். அதனால் மரியாதையைப் பெரும்பாலும் வினையே சுமக்கிறது. 'உங்களால் முடியும்' என்பதற்கு 'ப்வோ'. ஓர் ஒலி கூடி 'ப்வோய்' ஆனால் 'உன்னால் முடியும்'. முதல் பத்தியில் 'தாங்கள்', மூன்றாம் பத்தியில் 'நீ' என்று சறுக்குவதை எந்த நீள வாக்கியத்தாலும் ஈடுகட்ட முடியாது.

இந்தச் சின்னச் சொல்லுக்காக ஓர் அரசே மல்லுக்கட்டியிருக்கிறது. 1938இல் முசோலினியின் ஆட்சி, 'லேய்' அந்நிய வாடை அடிப்பது, அடிமைத்தனமானது என்று ஒதுக்கி, 'நீங்கள்' என்று பொருள்படும் 'வோய்' என்ற பன்மையைக் கட்டாயமாக்கியது. 'லேய்' என்ற பெயரில் வந்துகொண்டிருந்த பெண்கள் இதழ் 'அன்னபெல்லா' என்று பெயர் மாற்றிக்கொண்டது. நேப்பிள்ஸில் வாழ்ந்த தத்துவ அறிஞர் குரோச்சே அவ்வூர் வழக்கப்படி 'வோய்' சொல்லிவந்தவர். ஆணை வந்ததும் வீம்புக்கு 'லேய்'க்கு மாறினார் என்பார்கள். போருக்குப் பின் 'லேய்' திரும்பிவிட்டது. தெற்கில் 'வோய்' இன்னும் காதில் விழும், ஆனால் நீங்கள் அதை எழுத வேண்டாம்.

நீள வாக்கியத்தின் கதை தனி. 1525இல் பியெத்ரோ பெம்போ என்ற அறிஞர், உரைநடைக்கு முன்மாதிரியாகப் பதினான்காம் நூற்றாண்டின் கதாசிரியர் பொக்காச்சியோவை நிறுத்தினார். லத்தீனைப் போலக் கிளைத்துக் கிளைத்துச் செல்லும் அந்த நடை நூற்றாண்டுகளாகக் கற்றோரின் அடையாளமாக இருந்தது. நல்ல கையில் அது அழகுதான். குமாஸ்தாவின் கைக்கு வந்தபோதுதான் வம்பு. 1965இல் எழுத்தாளர் இத்தாலோ கால்வினோ ஒரு கட்டுரையில் இதைக் கிழித்தார். காலையில் அடுப்பு மூட்ட நிலவறைக்குப் போனேன் என்று ஒருவன் காவல் நிலையத்தில் சொல்கிறான். தட்டச்சு செய்பவரோ, கீழே கையொப்பமிட்டவர் முற்பகலின் ஆரம்ப நேரத்தில் வெப்ப அமைப்பை இயக்கும் பொருட்டு நிலவறைப் பகுதிக்குச் சென்றதாக எழுதிக்கொள்கிறார். அடுப்பைக் காணோம்! கால்வினோ இதற்கு 'எதிர்மொழி' என்று பெயரிட்டார். நேரடியான சொல்லைக் கண்டு நடுங்குவதே இதன் வேர் என்றார். எளிமையாக எழுதச் சொல்லி 1993இல் இத்தாலிய அரசே தன் அலுவலகங்களுக்கு ஒரு நடைக்கையேடு வெளியிட்டது. நம் ஊர் அரசாணைகளைப் படித்தவர்களுக்கு மேலும் விளக்க வேண்டியதில்லை.

உங்கள் ஆசிரியை குறை கண்டது வாக்கியங்களின் நீளத்தில் இருக்காது என்று நினைக்கிறேன். நம்மில் பெரும்பாலோர் இத்தாலியத்தை ஆங்கிலம் வழியாகப் படிக்கிறோம். அதனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் 'இயோ', அதாவது 'நான்' என்று தொடங்குகிறோம். நான் பட்டதாரி. நான் கோவையில் இருக்கிறேன். நான் விண்ணப்பிக்க விரும்புகிறேன். தமிழில் இப்படி எழுத உங்களுக்கே கை வராது. எல்லா 'இயோ'வையும் அடித்துவிட்டு, துண்டுகளை 'பெர்கே' (ஏனென்றால்), 'கே' (என்று) போன்ற இணைப்புச் சொற்களால் கோத்துப் பாருங்கள். தமிழில் எச்சங்களை அடுக்கிக் கடைசியில் வினைமுற்றை வைக்கிறோம். அங்கே முதன்மை வினை முன்னால் வந்துவிடும், கிளைகள் அதன் பின்னால் தொங்கும். இரண்டு கிளை போதும். மூன்றாவது தேவைப்பட்டால் முற்றுப்புள்ளி வையுங்கள்.

'லே ஸ்க்ரீவோ பெர்கே வொர்ரெய்...' என்று தொடங்கலாம். 'தங்களுக்கு எழுதுவது ஏனென்றால், நான் விரும்புவது...' என்ற அளவுதான். 'தங்களுக்கு' என்ற 'லே'யில் மரியாதை வந்துவிட்டது, 'பெர்கே'யில் இணைப்பு வந்துவிட்டது, 'வொர்ரெய்' என்ற வினைவடிவில் பணிவும் வந்துவிட்டது. விளிக்கு 'ஜென்தீலே ப்ரொஃபெஸ்ஸொரெஸ்ஸா' சரியாக இருக்கும். 'எக்ரேஜோ' இப்போது பழங்காலப் பகட்டாகத் தெரிகிறது, அதுவும் பெரும்பாலும் ஆண்களுக்கே வழங்கியது. 'ஸ்பெத்தாபிலே' நிறுவனங்களுக்கு உரியது. முடிவில் 'கோர்தியாலி ஸலூத்தி' போதும்.

பேராசிரியை பதிலில் தன் முதற்பெயரை மட்டும் எழுதிக் கையொப்பமிடக்கூடும். அதைக் கண்டு உடனே 'தூ'வுக்குத் தாவிவிடாதீர்கள். 'தூ என்றே பேசிக்கொள்ளலாமே' என்று அழைக்கும் உரிமை வயதிலும் பொறுப்பிலும் மூத்தவருக்கு உரியது. அவர் சொல்லும்வரை 'லேய்'தான்.