பயணம் கேளுங்கள்: ஜெய்ப்பூரில் ஒரே நாள்

கேள்வி: உறவினர் கல்யாணத்துக்கு டெல்லி போகிறோம். நடுவில் ஒரு நாள் ஜெய்ப்பூர். இந்தி தெரியாது. கைடு வைத்தால் அவரே நல்ல கடைகளுக்கும் கூட்டிப்போவார் என்கிறார்கள். நம்பலாமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: கைடு கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மதியச் சாப்பாடு வரைக்கும்தான் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். நாங்கள் முழு நாளுக்குப் பேசி மாட்டிக்கொண்டோம்.

காலையில் மனிதர் தங்கம். வானியல் கருவிகளைக் கட்டடம் மாதிரி கட்டிவைத்திருக்கும் ஜந்தர் மந்தரை நானாகப் பார்த்திருந்தால், குழந்தைகள் சறுக்கி விளையாடக் கட்டியது என்று நினைத்துக்கொண்டு வந்திருப்பேன். அங்கே 27 மீட்டர் உயரமுள்ள சூரியக் கடிகாரமான சாம்ராட் யந்திரத்தின் நிழல் விழும் வளைவில் விரலை வைத்து, "ஒரு நிமிஷம் பாருங்கள்" என்றார். கண்ணெதிரே நிழல் நகர்ந்து, மூன்று விரல்கடைக்கு மேல் போய்விட்டது. என் வீட்டுக்காரர் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டு, "இது பிந்திப் போகிறதே" என்று குறை கண்டுபிடித்தார். அதற்கும் பதில் வந்தது. நம் கடிகாரம் காட்டுவது 82½ பாகை தீர்க்கரேகையின் நேரம். ஜெய்ப்பூர் அதற்கு மேற்கே இருப்பதால் அங்கே சூரியனுக்குச் சுமார் 27 நிமிடம் தாமதம். மாதத்துக்கு மாதம் இது கொஞ்சம் கூடும், குறையும். வெயில் இல்லாத நேரத்தில் போனால் இந்த வேடிக்கை கிடையாது. அதனால் காலையில் முதலில் ஆமேர் கோட்டை (ஊரிலிருந்து 11 கிலோமீட்டர்), அப்புறம் ஜந்தர் மந்தர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிட்டி பேலஸ் பக்கத்திலேயே இருக்கிறது. 1902இல் லண்டனுக்குக் கப்பலேறிய மகாராஜா இரண்டாம் மாதோ சிங், கங்கை நீர் கொண்டுபோன ஆளுயர வெள்ளி ஜாடிகளை அங்கே பார்க்கலாம். ஹவா மஹாலுக்கும் நடந்தே போய்விடலாம். மேல் மாடிகளுக்குப் படி கிடையாது, சரிவுப் பாதைதான். மூட்டுவலிக்காரர்களுக்குக் கொஞ்சம் நிம்மதி.

சாப்பிட்டதும் ஆரம்பித்தது. "வாங்க வேண்டாம்மா, சும்மா பாருங்கள், பத்தே நிமிஷம்." ஒரு ஜவுளிக்கடை. வாசலில் மர அச்சால் துணியில் யானை அச்சடித்தார்கள், ஏதோ நீரில் முக்கினார்கள், நிறம் மாறியது, கைதட்டினோம். டீ வந்தது. மாடிக்கு ஏற்றினார்கள். இறங்கும்போது என் கையில் இரண்டு ரஜாய், அதாவது அந்த ஊர் பஞ்சுப் போர்வை. சாயங்காலம் பாபு பஜாரில் அதே மாதிரி போர்வை பாதி விலைக்குத் தொங்கியது. கைடுக்குக் கமிஷன் போகாமலா இருக்கும்! வீட்டுக்காரர் ராத்திரி வரை என்னோடு பேசவில்லை. அதை லாபக் கணக்கில் வைத்துக்கொண்டேன்.

கடைத்தெருவுக்கு மொழி தேவையில்லை, கால்குலேட்டர் போதும். திரிபோலியா பஜாரை ஒட்டிய மணிஹாரோன் கா ராஸ்தா சந்துக்கு மட்டும் அவசியம் போங்கள். அரக்கைக் கரி அடுப்பில் இளக்கி, உருட்டி, உங்கள் கை அளவுக்கே வளையல் செய்து, சூடாக இருக்கும்போதே கல் பதித்துக் கொடுப்பார்கள். ஊருக்கு வந்ததும் வெயிலிலோ அடுப்பு மேடையிலோ வைத்துவிடாதீர்கள், நெளிந்துவிடும். ரத்தினக் கல் மட்டும் வேண்டவே வேண்டாம். அதைப் பார்த்து வாங்க உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கேள்வி: ஜெய்ப்பூருக்கு பிங்க் நிறம் முதலிலிருந்தே உண்டா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: இல்லை. ஊரை நிறுவியது 1727இல், இரண்டாம் சவாய் ஜெய் சிங். இன்றைய நிறம் 1876இல் பிரிட்டிஷ் இளவரசர் வருகைக்காகப் பூசியது என்பார்கள். நேரில் பார்த்தால் பிங்க் என்றே சொல்ல மாட்டீர்கள். நம் ஊர்க் கோயில் சுவரில் வெள்ளைப் பட்டைக்குப் பக்கத்தில் அடிப்பார்களே, அந்தக் காவியில் கொஞ்சம் சுண்ணாம்பு கலந்த மாதிரி இருக்கும்.