காக்கையும் புறாவும் மட்டும் தெரிந்தவர் பறவை நடை நடத்தலாமா?

கேள்வி: எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் ஓரளவு பெரிய பூங்கா இருக்கிறது. காலையில் அங்கே நடக்கும்போது மரங்களை அண்ணாந்து பார்ப்பேன். அந்த ஒரே குற்றத்துக்காக, வசந்தகாலம் முடியும்வரை ஞாயிறுதோறும் பறவை பார்க்கும் நடையை நடத்தும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். வாட்ஸ்அப் குழுவில் இதுவரை பதினேழு பேர், அதில் ஆறு குழந்தைகள். எனக்குக் காக்கை, புறா, சிட்டுக்குருவி தாண்டி ஒன்றும் தெரியாது. பைனாகுலரும் இல்லை. குழுவில் ஒருவர், "செல்போனில் பறவைக் குரலைப் போட்டால் போதும், தானாக வந்து நிற்கும்" என்கிறார். அது சரியா? மழை வந்தால் என்ன செய்வது? பேசாமல் மறுத்துவிடலாமா?
- ஒரு வாசகி

பதில்: மறுக்காதீர்கள். பறவை நடை என்றால் முன்னால் போகிறவர் விரலை நீட்டி நீட்டிப் பெயர் சொல்ல வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல்முறை நடத்தியபோது இரண்டு வாரம் உட்கார்ந்து படித்துவிட்டு, பதினைந்து பேரை இழுத்துக்கொண்டு பூங்காவை முழுச் சுற்றுச் சுற்றினேன். வாய் ஓயவில்லை. முடிவில் ஒரு பெரியவர், "நிறையத் தெரிஞ்சுகிட்டேம்மா, ஒண்ணையும்தான் பார்க்கலை" என்றார். அன்றோடு நடையைக் குறைத்து, நிற்பதைக் கூட்டினேன். நடத்துகிறவருக்கு உண்மையில் ஒரே வேலைதான்: கூட வந்தவர்களை ஓரிடத்தில் அசையாமல் நிற்க வைப்பது. அதற்குப் பெயர் தெரிய வேண்டியதில்லை.

உங்களுக்குத் தெரிந்த புறாவிலிருந்தே தொடங்குங்கள். கேலி இல்லை, நிஜமாகவே சொல்கிறேன். புறா நடக்கும்போது தலையை முன்னும் பின்னும் ஆட்டுகிறது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பத்தடி தூரத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். தலை முன்னால் ஒரு பாய்ச்சல் பாயும், அப்படியே அந்தரத்தில் நிற்கும், உடல் பின்னாலேயே நகர்ந்து வந்து அதைப் பிடிக்கும். தலை பின்னால் வருவதே இல்லை. கண்ணுக்கு முன்னால் இருக்கும் காட்சி ஆடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. பிறகு தண்ணீர்க் குட்டை பக்கம் போங்கள். பெரும்பாலான பறவைகள் ஒரு வாய் மொண்டு, தலையைத் தூக்கித் தொண்டைக்குள் இறக்கும். புறா அலகை அமிழ்த்தி, தலை தூக்காமல் உறிஞ்சிக் குடிக்கும். பார்த்துப் பார்த்துச் சலித்த பறவை என்று நினைத்தவர்கள் இதைப் பார்த்ததும் சட்டென்று அமைதியாகிவிடுவார்கள். அந்த அமைதிதான் உங்களுக்கு வேண்டியது.

சிட்டுக்குருவியிலும் வசந்தத்துக்கென்று ஒரு சேதி உண்டு. ஆணின் தொண்டையில் இருக்கும் கறுப்புத் திட்டு குளிர்காலத்தில் மங்கலாக இருக்கும், ஏனென்றால் புதிதாக முளைத்த இறகுகளின் நுனி வெளிறியிருக்கும். மாதங்கள் போகப் போக அந்த நுனி தேய்ந்து, உள்ளே இருந்த கறுப்பு வெளியே வருகிறது. இனப்பெருக்கக் காலத்தில் அலகும் கறுத்துவிடும். புதுச் சட்டை போடாமல், பழைய சட்டை தேய்ந்தே மாப்பிள்ளைக் கோலம் வந்துவிடுகிறது!

நேரம் முக்கியம். விடிவதற்குச் சற்று முன்னால் தொடங்கும் பாட்டுக் கச்சேரி வெயில் ஏற ஏற அடங்கிவிடும். பாடுவது பெரும்பாலும் ஆண்கள். "இது என் இடம்" என்று மற்ற ஆண்களுக்கு ஓர் எச்சரிக்கை, பெண்ணுக்கு ஓர் அழைப்பு, இரண்டும் ஒரே பாட்டில். ஒன்பது மணிக்குக் கூடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எல்லோருக்கும் வசதியான நேரம் பறவைக்கு வசதியாக இருக்காது.

இன்னொன்று, வசந்தம் வலசைக் காலம். வடக்கே குளிர்நாடுகளில் விருந்தாளிகள் வந்து சேர்கிறார்கள். வெப்பமண்டலத்தில் அதே விருந்தாளிகள் மூட்டை கட்டுகிறார்கள். சின்னப் பறவைகளில் பல இரவில்தான் பறக்கும். விடியும்போது கீழே கான்கிரீட் காடாக இருந்தால், நடுவில் தெரியும் பச்சைத் துண்டில் இறங்கி இளைப்பாறும். கட்டடங்கள் சூழ்ந்த நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் இருநூறுக்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே உங்கள் பூங்கா சின்னது என்று குறைத்து எடை போட வேண்டாம். நேற்று இல்லாத பறவை இன்று இருக்கும், நாளை இருக்காது.

பதினேழு பேரும் ஒரே வரிசையில் போனால் கடைசி ஆள் முன்னால் நடப்பவரின் முதுகைத்தான் பார்ப்பார். இரண்டாகப் பிரித்துவிடுங்கள். புல்வெளியும் புதரும் சேரும் ஓரம், தண்ணீர்க் கரை, பூத்திருக்கும் மரம், இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி இருபது நிமிடம் இருங்கள். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் தெரியாது, நீங்கள் வந்த சத்தத்தில் எல்லாம் பதுங்கியிருக்கும். கிளம்பலாமா என்று யாராவது முணுமுணுப்பார்கள். காதில் விழாததுபோல் இருங்கள். பத்தாவது நிமிடம் புதர் மறுபடி அசையத் தொடங்கும்.

பைனாகுலர் குழுவுக்கு இரண்டோ மூன்றோ இருந்தால் போதும், மாற்றி மாற்றிப் பார்க்கலாம். யாராவது வாங்குவதாக இருந்தால் 8x42 என்று எழுதியிருப்பதை வாங்கச் சொல்லுங்கள். எட்டு என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். பத்து மடங்கு இன்னும் நல்லதுதானே என்று ஆசைப்படுவார்கள். கை நடுக்கமும் பத்து மடங்காகும், காட்சியின் அகலமும் பொதுவாகக் குறையும். கண்ணாடி போட்டவர்கள் கண் வைக்கும் இடத்தில் உள்ள ரப்பர் வளையத்தைத் திருகியோ மடித்தோ உள்ளே இறக்கிக்கொள்ள வேண்டும். இதைச் சொல்லித்தராததால் "எனக்குக் கறுப்பாகத்தான் தெரியுது" என்று ஒதுங்கிப்போனவர்கள் நிறையப் பேர். பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு பறவையைத் தேடுவதும் புதியவர்கள் செய்யும் தவறு. பறவை மேல் வைத்த கண்ணை எடுக்காமல், பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். பூங்காவில் உள்ள ஏதாவது ஒரு பலகையின் எழுத்தை வைத்து ஐந்து நிமிடம் பழகிவிட்டுக் கிளம்புங்கள்.

"அதோ, அந்தக் கிளையில்!" என்பதற்குத் தடை போடுங்கள். மரத்தைக் கடிகாரமாக நினைத்து, "இரண்டு மணிப் பக்கம், நடுவில்" என்று சொன்னால் எல்லோர் கண்ணும் ஒரே இடத்துக்குப் போகும். பெயர் தெரியாத பறவைக்கு நான்கு கேள்வி: குருவி அளவா, காக்கை அளவா? அலகு எப்படி? எங்கே இருக்கிறது? என்ன செய்கிறது? நிறம் கடைசியில்தான், வெளிச்சம் மாறினால் நிறம் ஏமாற்றும். வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு தரையில் ஓடினால் வாலாட்டியாக இருக்கலாம். ஒரு குச்சியிலிருந்து பாய்ந்து பூச்சியைப் பிடித்துத் திரும்பத் திரும்ப அதே குச்சிக்கு வந்தால் ஈபிடிப்பான் வகையாக இருக்கலாம். பாருங்கள், இந்தப் பெயர்களை வைத்தவர்களும் நிறத்தைப் பார்த்து வைக்கவில்லை.

இப்போது அந்தச் செல்போன் நண்பர். வேண்டாம் என்று அவரிடம் தன்மையாக, ஆனால் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். குரலைப் போட்டால் பறவை வரும், அதில் பொய் இல்லை. எதற்காக வருகிறது? தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் புகுந்துவிட்டான் என்று பதறி, சண்டைக்கு வருகிறது. இரை தேடுவதை விட்டுவிட்டு வருகிறது. நம் கண்ணுக்கு முன்னால் கிளைக்குக் கிளை தாவுவதை ஆட்டம் என்று நினைத்து நாம் படம் எடுக்கிறோம். காட்டில் யாரோ ஒருவர் எப்போதோ ஒருமுறை செய்தால் பறவை மறந்துவிடலாம். பூங்காவில் அப்படி இல்லை. இன்று நீங்கள், நாளை வேறு குழு, மறுநாள் கேமராக்காரர் ஒருவர் என்று அதே மரத்தடியில் அதே குரல் ஒலித்தால், கூடு கட்டுகிற பருவத்தில் அந்தப் பறவையின் காலைப்பொழுது முழுக்க இல்லாத எதிரியைத் தேடுவதிலேயே போய்விடும். அமெரிக்கப் பறவை ஆர்வலர் சங்கத்தின் நடத்தை விதிகளும், ஆட்கள் அதிகம் வரும் இடங்களில் ஒலிப்பதிவைப் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்தச் சொல்கின்றன. அந்த நண்பரை விரட்டிவிட வேண்டாம், ஆர்வமான ஆள். செல்போனை ஒலிபெருக்கியாக இல்லாமல் காதாகப் பயன்படுத்தச் சொல்லுங்கள். கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் என்ற இலவசச் செயலி, குரலைக் கேட்டு இன்ன பறவையாக இருக்கலாம் என்று காட்டும். தவறும் செய்யும், குரல் நகல் செய்யும் பறவைகளிடம் நன்றாக ஏமாறும். அது சொன்னதைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு, கண்ணால் பார்த்த பிறகு எழுதுங்கள்.

கூடு கண்ணில் பட்டால் விலகிப் போய்விடுங்கள். படத்துக்காகக் கிளையை ஒதுக்குவது கூடவே கூடாது, மறைப்பு போனால் வேட்டையாடும் பறவைகளுக்கு வழி தெரிந்துவிடும். உங்களைப் பார்த்து ஒரு பறவை விடாமல் கத்தினால், பக்கத்தில் கூடோ குஞ்சோ இருக்கிறது என்று அர்த்தம். வசந்தத்தின் பின்பாதியில் தரையில் தத்தித் தத்தித் திரியும் குஞ்சு ஒன்றை உங்கள் குழந்தைகள் கட்டாயம் கண்டுபிடிப்பார்கள். வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்று கெஞ்சுவார்கள். இறகு முளைத்த குஞ்சு கூட்டை விட்டு இறங்கிச் சில நாள் இப்படித் திரிவது இயல்பு. பெற்றோர் அருகில் இருந்து ஊட்டிக்கொண்டுதான் இருக்கும். நடைபாதையில் மிதிபடும் நிலையில் இருந்தால் மட்டும் எடுத்துப் பக்கத்துப் புதரில் விடுங்கள். மனித வாசனை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் கதை.

எண்ணும் வேலையைக் குழந்தைகளிடம் கொடுத்துவிடுங்கள். ஒருவருக்குக் காக்கை, ஒருவருக்குப் புறா. பெரியவர்களைவிடக் கறாராக எண்ணுவார்கள். அந்தக் கணக்கை, பார்த்த பறவைகளை யார் வேண்டுமானாலும் எழுதி வைக்கும் இபேர்ட் என்ற இணையதளத்தில் பதியலாம். 2002 முதல் இயங்குகிறது, உலகம் முழுக்க ஆய்வாளர்கள் அந்தத் தரவைப் பயன்படுத்துகிறார்கள். அடையாளம் தெரிந்த பறவை எல்லாவற்றையும் பதிந்தீர்களா என்று அது கேட்கும். காக்கை எதற்கு என்று விட்டுவிடக் கூடாது. சாதாரணப் பறவை எங்கே குறைகிறது என்பது சாதாரணப் பறவையை எழுதி வைத்தால்தானே தெரியும்? தெரியாத பறவையைத் தெரிந்ததுபோல் எழுத வேண்டாம், அவ்வளவுதான். மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை உலக வலசைப் பறவைகள் நாள். அதே மாதத்தில், 2015 முதல் நடந்துவரும் குளோபல் பிக் டே என்ற ஒருநாள் உலகக் கணக்கெடுப்பும் உண்டு. அதற்குள் உங்கள் குழு பழகியிருக்கும், பெயர் கொடுங்கள்.

மழை கேட்டிருந்தீர்கள். கொட்டும்போது போக வேண்டாம். விட்டதும் போங்கள். மழையில் வலசைப் பறவைகள் மேலே பறக்க முடியாமல் இறங்கியிருக்கும், மண்ணிலிருந்து புழுக்களும் வெளியே வந்திருக்கும். பாதிப் பேர் வந்திருக்க மாட்டார்கள், அதுவும் ஒருவகையில் நல்லதுதான். பெஞ்சு நனைந்திருக்கும், உட்கார ஏதாவது விரிப்பு எடுத்துக்கொண்டு போங்கள்.