தோற்காத அணியை டிவியில் குறை சொன்னால் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் ரசிகர்கள் ஏன் கொதிக்கிறார்கள்?

அங்கே வெற்றிக் கணக்கு மட்டும் போதாது. ப்ளேஆஃபுக்கு, அதாவது சாம்பியனை முடிவு செய்யும் இறுதிச் சுற்றுக்கு, யார் போவது என்பதில் தேர்வுக்குழுவின் அபிப்பிராயமும் சேரும். அதை டிவி பேச்சு பாதிக்கும் என்பதே ரசிகர்களின் பயம்.

2023-இல் ஃப்ளோரிடா ஸ்டேட் 13 ஆட்டங்களையும் வென்றது. ஆனால் நவம்பரில் அதன் குவார்ட்டர்பேக் (தாக்குதலை வழிநடத்தும் வீரர்) ஜோர்டன் டிராவிஸுக்குக் காலில் பலத்த காயம். முக்கிய வீரர் இல்லாததைக் கணக்கில் எடுக்கக் குழுவின் விதி இடம் தருகிறது. டிசம்பர் 3 அன்று, ஓர் ஆட்டம் தோற்ற அலபாமாவுக்கு 4-ஆம் இடம், ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு 5. அப்போது ப்ளேஆஃபில் 4 அணிகளுக்குத்தான் வாய்ப்பு.

ரசிகர்களின் கோபம் விளையாட்டுச் சேனலான ஈஎஸ்பிஎன் மீது பாய்ந்தது. அலபாமா ஆடும் எஸ்இசி லீக்கோடு அதற்குப் பெரிய ஒளிபரப்பு ஒப்பந்தம் உண்டே! ஆனால் ஃப்ளோரிடா ஸ்டேட்டின் ஏசிசி லீக்கும் அதே சேனலோடுதான் ஒப்பந்தம் போட்டிருந்தது. சதி என்ற வாதம் இங்கே பலவீனம். விதியின் மீதான கோபம் முழுக்க நியாயம்.