சைக்கிள்ல புது செயின் போட்டும் கியர் சறுக்குதா?

அழுத்தி மிதிச்சா புது செயின் சறுக்குது, கேசட்டும், அதாவது பின்சக்கரத்துல இருக்கிற பல்சக்கர அடுக்கும், மாத்தணுமான்னு கேட்டிருக்கீங்க. கியர் ட்யூனிங் சரியா இருந்தும் சறுக்குதுன்னா பெரும்பாலும் ஆமா, பழைய செயினை ரொம்ப நாள் விட்டுட்டீங்க. செயின் நீண்டுபோச்சுன்னு சொல்றோமே, அது இரும்பு இழுபட்டு நீளுறது இல்ல, கண்ணிகளைக் கோக்கிற பின்னும் (pin) அது உட்கார்ற இடமும் தேஞ்சு ஒவ்வொரு கண்ணியிலயும் துளி துளியா இடைவெளி கூடுது, அப்புறம் கேசட் பல்லையும் அது தன் அளவுக்கு அரிச்சிடும், புது செயின் அதுல எப்படி உட்காரும் சொல்லுங்க.

அடுத்த தடவ ஒரு இரும்பு ஸ்கேல் எடுங்க. ஒரு பின்னோட நடுவுல ஸ்கேலோட பூஜ்யத்தை வச்சு, அதுக்கு அடுத்த பின்னுல இருந்து எண்ணினா 24வது பின் சரியா 12 இஞ்சுல விழணும். 16ல ஒரு பங்கு இஞ்ச் தள்ளிப்போனா அது 0.5 சதவீதம், 11, 12 ஸ்பீடுன்னா (கேசட்ல இருக்கிற பல்சக்கர எண்ணிக்கை) உடனே செயினை மாத்திடுங்க. 10 ஸ்பீடும் அதுக்குக் கீழயும் 0.75 சதவீதம் வரைக்கும் தாங்கும்.

நம்ம பினாங்குல பத்து ஃபெரிங்கி, தெலுக் பஹாங் பக்கம் போனா கடல் உப்பு, பாலிக் புலாவ் ஏறும்போது மழை. நான் ஒருதடவ நனைஞ்ச பைக்கை துடைக்காம ரெண்டு நாள் விட்டேன், செயின் செவசெவன்னு துருப்பிடிச்சிருச்சு, மனசே கேக்கல. அதனால வீட்டுக்கு வந்ததும் துடைங்க, காயவிட்டு வெட் லூப் (wet lube, ஈரத்துக்குத் தாங்குற செயின் எண்ணெய்) போடுங்க, மேல நிக்கிற எண்ணெயைத் துணியால எடுத்துடுங்க, இல்லாட்டி மண்ணு ஒட்டும்.

சக்கர விளிம்பை அழுத்திப் பிடிக்கிற ரிம் பிரேக்னா சக்கரத்தையும் பாருங்க, மழைமண்ணு பிரேக் பேட்ல ஒட்டி ரிம்மை அரிக்கும். நிறைய அலாய் ரிம்ல தேய்மானம் காட்ட சின்னக் குழி இருக்கும், அது மறைஞ்சிருச்சுன்னா அந்த ரிம்மோட இறக்கத்துல போகாதீங்க.