சித்திரைத் தேர் மாசி வீதியில் ஓடுவது ஏன்?

மதுரைக்குப் புதிதாக வந்த ஒருவர் இங்கே கேட்டிருக்கிறார்: தெருக்களுக்கு மாதப் பெயர்கள் எதற்கு, சித்திரைத் திருவிழாத் தேர் சித்திரை வீதியை விட்டு மாசி வீதிக்கு ஏன் போகிறது?

மீனாட்சி அம்மன் கோயிலை நடுவில் வைத்துச் சதுரம் சதுரமாக விரிந்த ஊர் இது. மதிலுக்குள் ஆடி வீதி, மதிலை ஒட்டிச் சித்திரை வீதி, பிறகு ஆவணி மூலவீதி, அதற்கும் அப்பால் மாசி வீதி. அந்தந்த மாதத் திருவிழாவில் சுவாமி புறப்பாடு நடந்த வீதிக்கு அந்த மாதத்தின் பெயரே நிலைத்துவிட்டது.

திருக்கல்யாணமும் தேரோட்டமும் முன்பு மாசியில்தான் நடந்தன. 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் அவற்றைச் சித்திரைக்கு மாற்றினார்; அழகர் ஆற்றில் இறங்கும் விழாவும் அதோடு சேர்ந்துகொண்டது. ஆனால் பெரிய தேர்கள் திரும்ப அகலமான வீதி வேண்டுமே! அதனால் மாதம் மாறியும் தேர் தன் பழைய வீதியை விடவில்லை. கீழமாசி வீதியில் நின்று வடம் பிடித்துப் பாருங்கள், அந்த அகலத்தின் அருமை புரியும்.

வெளி வீதிகளுக்கு மட்டும் மாதப் பெயர் இல்லை. அங்கே கோட்டை மதில் இருந்தது. 1840-களில் ஆட்சியர் பிளாக்பர்ன் அதை இடித்து அகழியைத் தூர்த்தார். அவர் நினைவாக எழுந்ததுதான் விளக்குத்தூண். அந்தப் பணியில் உழைத்த பெருமாள் மேஸ்திரியின் பெயரில் இன்றும் ஒரு வீதி இருக்கிறது.